வெள்ளைத் துணியில் படியாத புகை

பாப்பா,

உன் கையில் தனியாகக் கொடுக்க வேண்டிய கடிதத்தை ஊரே படிக்கும்படி எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நம்ம வேன் உரிமையாளர் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. தலைவர் தணிகாசலம் கடைக்கு வந்து, "டீசல் வண்டிய எப்படிப் பாத்துக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு மெக்கானிக்கு. உன்ன உட்டா வேற யாரு கீறாங்க" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தேன். எந்த வரியைத் தொடங்கினாலும் நீ வந்து நின்றாய். கடைசியில், "கட்டுரையெல்லாம் வராதுங்க. என் பொண்ணுக்கு ஒரு லெட்டர் எழுதித் தரேன், வேணும்னா போடுங்க" என்று சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நீ புனேவுக்குக் கிளம்புகிறாய், இன்ஜின் சோதனைக் கூடத்து வேலைக்கு. பஸ் ஸ்டாண்டில் என்னால் எதுவும் பேச முடியாது. என் வாய் கோபத்துக்குத் திறக்கிற வேகத்தில் பிரியத்துக்குத் திறக்காது என்பது உனக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. நான் செய்த தப்பு ஊர் நடுவில், எல்லோரும் பார்த்துக் கைதட்டச் செய்த தப்பு. அதை ஒட்டின கவருக்குள் ஒத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

வடஆற்காட்டிலிருந்து நம் மாவட்டம் பிரிந்த எண்பத்தொன்பதாம் வருஷம், கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் நாலு தகரத்தை நிறுத்தி நான் கடை போட்டேன். உனக்கு அப்போது மூன்று வயது. அதற்கு முன் வேலூரில் ஒரு லாரி ஷெட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். வேலை தெரியும், ஆனால் ஊரில் பெயர் தெரியாது. ஏற்கெனவே பழகின மெக்கானிக்குகள் இருக்கும்போது புதிதாக வந்தவனிடம் யார் வண்டியை விடுவார்கள்? அப்போதுதான் அந்தத் துணி யோசனை வந்தது. வேலை முடிந்ததும் வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, சைலன்சர் வாயில் வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டுவேன். ஆக்ஸிலேட்டரை மூன்று தடவை நன்றாக மிதிக்கச் சொல்வேன். பிறகு அவிழ்த்து, அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுவேன். கரிவட்டம் விழுந்திருந்தால் வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளு, கூலி கிடையாது. துணி வெள்ளையாக இருந்தால் அதில் வண்டி நம்பரை எழுதிக் கடை வாசலில் கம்பியில் தொங்கவிடுவேன். முதல் துணி உங்கம்மா பீரோவில் வைத்திருந்த என் கல்யாண வேட்டி. அதற்காக அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் என் பெயரை யாரும் சொல்வதில்லை, 'வெள்ளைத்துணி மெக்கானிக்' என்றால்தான் தெரியும் என்று ஆனது. தொண்ணூறுகளில் மலையைச் சுற்ற வருகிற பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக ஊரில் வேன்களும் பெருகின. விழுப்புரம், சேத்துப்பட்டு, போளூர் என்று எங்கிருந்து ஆள் ஏற்றி வருகிற வேனாக இருந்தாலும் என் கம்பியில் அதன் துணி தொங்கும். எனக்குத் தலைக்கனம் வந்தது அந்தக் கம்பியைப் பார்த்துப் பார்த்துத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த புது வேன்களில் ஒரு புதுச் சாமான் இருந்தது. ஈ.ஜி.ஆர். வால்வு. உனக்குச் சொல்லவில்லை, மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி, காற்று போகிற வழியில் கலந்து, இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு அது. முதன்முதலில் அதை நான் பார்த்தது தணிகாசலத்தின் புது வேனில். வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. "இழுவையே இல்ல மெக்கானிக்கு, ஜமுனாமரத்தூர் மலைல செகண்டு கியர்லயே அழுவுது. பின்னாடி பாத்தா கரும்புகை" என்று வந்தார். திறந்து பார்த்தேன். புகை போகிற குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் புறப்பட்டு மறுபடி இன்ஜினுக்குள் போகிறது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சாப்பிட்ட இலையைக் கழுவி அடுத்த பந்திக்குப் போடுகிற மாதிரி இருக்கிறதே, இதைப் படித்தவனா செய்தான் என்று கடையில் எல்லோரும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். கடலை எண்ணெய் டின்னை வெட்டி, குழாய் சேருகிற இடத்தின் அளவுக்கு ஒரு தகடு செய்து, நடுவில் சொருகி இறுக்கிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. வண்டி குதிரை மாதிரி இழுத்தது. துணியைக் கட்டினேன், பால் வெள்ளை. தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பெனிக்காரனுக்கே நீ பாடம் எடுக்கணும்யா" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது. கடைக்கு வருகிற ஒவ்வொரு புது வேனுக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தகடு போட்டேன். செங்கம் ரோட்டு மெக்கானிக்குகள் என்னிடம் வந்து அளவு கேட்டு வாங்கிப் போனார்கள். 'பிளேட் போடறது' என்பது ஊரில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்த ஆள் என்ற பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த நாட்கள் அவை. நீ பிளஸ் டூ முடித்து ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்றபோது, உன் மாமா, "பொண்ணு போயி கிரீஸ்ல கைய விடவா?" என்றார். அவரை நான் வீட்டைவிட்டுத் துரத்தாத குறை. என் வேலையை நீ எடுத்துக்கொள்கிறாய் என்று நினைத்துத்தான் சந்தோஷப்பட்டேன். என் வேலையிலேயே என்னைப் பிடிப்பாய் என்று அப்போது தெரியாது.

கடைசி வருஷம் ப்ராஜெக்டுக்கு நம் ஊர் வேன்களின் புகையை அளக்கப் போகிறேன் என்று கல்லூரியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எனக்கு ஒரே கொண்டாட்டம். பௌர்ணமி அன்று மதியம், கூட்டம் சேருவதற்கு முன்பே, அடி அண்ணாமலையில் வேன்கள் வந்து நிற்கிற இடத்துக்கு உன்னை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். நீ ஒவ்வொரு வண்டியின் சைலன்சரிலும் குழாயை விட்டு, பெட்டியைப் பார்த்து நோட்டில் எழுதினாய். பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கிற ராணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முன்ன மாதிரி கரும்புகையே காணோம் கண்ணு. ஆனா கண்ணு மட்டும் எரியுது, தொண்டை கமறுது. இது இன்னா கூத்து?" என்று உன்னிடம் கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "அடுப்புப் புகையா இருக்கும், போ" என்றேன். அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. அவள் என்னைவிடக் கவனமாகப் பார்த்திருந்தாள். அதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் கடையில் யாரும் இல்லாதபோது நோட்டோடு வந்தாய். "அப்பா, சில வண்டில நைட்ரஜன் ஆக்சைடு ரொம்ப ஜாஸ்தியா காட்டுது. எல்லாம் புது வண்டி. பழைய வண்டியவிட மோசமா இருக்குது. ஏன்னு புரியல. டிரைவருங்கள ஒவ்வொருத்தரா கேட்டேன், எங்க சர்வீஸ் விட்டீங்கனு" என்று சொல்லி நிறுத்தினாய். எனக்குப் புரிய வேண்டிய இடத்தில் புரியவில்லை. "எங்கயாம்?" என்று கேட்டேன். நீ வாசலில் தொங்கிய துணிகளைப் பார்த்தாய். "எல்லாரும் இந்தக் கடையத்தான் சொல்றாங்கப்பா" என்றாய். பிறகு பொறுமையாக விளக்கினாய். "காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன். அது சும்மா உள்ள போயி சும்மா வெளிய வரணும். உள்ள நெருப்போட சூடு ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா அது ஆக்ஸிஜனோட சேந்துக்கும். அப்ப வர்றது வேற வாயு, நெஞ்சுக்கு ஆவாது. எரிஞ்சு முடிஞ்ச புகைய கொஞ்சம் உள்ள விட்டா, அது மறுபடி எரியாம சூட்ட மட்டும் வாங்கிக்கும். நெருப்பு கொஞ்சம் தணியும். அதுக்குத்தான் அந்த வால்வு. நீ அத அடைச்சுட்ட."

"அப்ப துணி ஏன் வெள்ளையா இருக்குது?" என்றேன். பதினெட்டு வருஷம் நான் நம்பின ஒரே சாட்சி அது. "துணி கரியத்தான்ப்பா புடிக்கும். வாயு அதுல படியாது. அடைச்சா கரி கம்மியாவும், வாயு ஜாஸ்தியாவும். உன் துணிக்கு அது தெரியாது" என்றாய். நீ குரலை உயர்த்தவே இல்லை. நான்தான் உயர்த்தினேன். முதலில் கொஞ்சலாகத்தான் கேட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் அதிக வெட்கம். "சரி கண்ணு, நம்பரெல்லாம் எழுதிக்க. எந்தக் கடைன்னு போட்ட அந்த ஒரு வரிசைய மட்டும் எடுத்துடு. அது இல்லாட்டி யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றேன். நீ, "அந்த வரிசைய எடுத்துட்டா ஏன் இப்படி ஆச்சுனு சொல்லவே முடியாதுப்பா. அப்பறம் அது ப்ராஜெக்ட் இல்ல" என்றாய். அப்போது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. இந்தக் கிரீஸ் கையால் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு என் மானத்தையே விற்கப் பார்க்கிறாயா என்று கேட்டேன். கேட்டது உன் முகத்தைப் பார்த்துத்தான். கம்பியில் தொங்கிய துணி ஒவ்வொன்றும் என் மானம் என்று நினைத்திருந்தேன். நீ நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனாய்.

பாப்பா, அந்தச் சொல்லுக்கு நான் இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சுற்றி வளைத்து, உனக்குப் பிடித்த பக்கோடா வாங்கி வந்து மேஜையில் வைத்ததெல்லாம் மன்னிப்பு ஆகாது. இங்கே, ஐந்நூறு பேர் படிக்கிற இடத்தில் கேட்கிறேன். அப்பாவை மன்னித்துவிடு.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் நாம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டை நம் இருவருக்கும் நடுவில் ணங்கென்று வைத்துவிட்டு உங்கம்மா பேசினாள். "அந்தத் துணியெல்லாம் தொவைச்சுக் குடுத்தவ நானு. இந்தப் பொண்ணப் பெத்ததும் நானு. ஒருத்தரு துணி சொல்றதுதான் சரின்றீங்க, ஒருத்தி பெட்டி சொல்றதுதான் சரின்ற. ரெண்டு பேரும் வாய மூடிட்டு வண்டியத் தொறந்து பாருங்க. அது பொய் சொல்லாது" என்றாள். டீசல் வண்டியை அவள் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஆனாலும் நம் கடையில் இத்தனை வருஷத்தில் சொல்லப்பட்ட உருப்படியான யோசனை அதுதான்.

தணிகாசலத்தின் அதே வேனை வரவழைத்தேன். நீ ஒன்று சொன்னாய். தகட்டை எடுத்துவிட்டு உன் பெட்டியும் ஒத்துக்கொள்ள வேண்டும், என் துணியும் ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் நடந்தால்தான் ஜெயித்ததாக அர்த்தம் என்றாய். நடக்காது என்று நான் மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டேன். தகட்டை எடுத்தோம். வால்வைப் பிரித்தால் உள்ளே தீய்ந்துபோன அல்வாச் சட்டியின் அடி மாதிரி கரி கெட்டித்துப் போயிருந்தது. மூட வேண்டிய நேரத்தில் மூட முடியாமல், பாதி திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. "இதாம்ப்பா இழுவை இல்லாததுக்குக் காரணம். வால்வு தப்பு இல்ல, வால்வு சிக்கிக்கினதுதான் தப்பு. முழுசா ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இது தானா மூடிக்கணும். மலை ஏர்றப்ப ஒரு பொட்டு புகைகூட உள்ள போகக்கூடாது" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. இந்த வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்து பார்க்காமலேயே ஐந்து வருஷம் தகட்டை வெட்டிப் போட்டிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்பதால் அதுவே சரியான வேலை என்று நினைத்துவிட்டேன்.

கரியைச் சுரண்டி, டீசலில் ஊறவைத்துக் கழுவி, திரும்ப மாட்டினோம். பெட்டியில் அளவு பாதிக்குக் கீழே இறங்கியது. நீ சிரித்தாய். நான் துணியைக் கட்டினேன். கன்னங்கரேல். இப்போது நான் சிரித்தேன், கொஞ்சம் அற்பத்தனமாகவே. "பாத்தியா? ஒன்ன எறக்கினா இன்னொண்ணு ஏறுது" என்றேன். நீ சளைக்கவில்லை. "அப்ப கரி ஏன் இவ்ளோ வருதுனு பாப்போம். உனக்குத்தான அது தெரியும்?" என்று என்னிடமே தள்ளிவிட்டாய். அந்தக் கேள்விக்காக உன்னை அப்போதே தூக்கித் தட்டாமாலை சுற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு அப்புறம்தான் நான் மறுபடியும் மெக்கானிக் ஆனேன். ஏர் ஃபில்டரைப் பிரித்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கடலை அடிக்கிற சீசனில் ரோடு முழுக்கப் பறக்கிற தூசி எல்லாம் அதற்குள்தான் இருந்தது. இன்ஜின் மூச்சுவிடக் காற்றே இல்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டரில் சத்தம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தால் தூவ வேண்டிய டீசலைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தது. உன் பெட்டி அதைச் சொல்லவில்லை, என் காதுதான் சொன்னது. நீ, "இத எப்படிப்பா கண்டுபுடிச்ச?" என்று கேட்டபோது எனக்கு வயது இருபது குறைந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பெட்டியையும் துணியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பெட்டியில் நீ எதிர்பார்த்ததைவிடக் கம்மி. துணியில், ஒரு நாள் கட்டிக் கழற்றின வேட்டியின் நிறம். வெள்ளை இல்லை, கரியும் இல்லை. இன்னும் கொஞ்சம் முயன்றால் வெள்ளை ஆக்கிவிடலாம் என்று நான் ஸ்பேனரை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய். "வேணாம்ப்பா. இதுக்கு மேல வெள்ளை வேணும்னா மறுபடி அடைச்சாத்தான் வரும். இந்த இன்ஜினுக்கு இதுதான் நேர்மையான நிறம்" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே நான் கம்பியிலிருந்து துணிகளை இறக்கிவிட்டேன். உங்கம்மா அவற்றை அடுப்பு துடைக்க எடுத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு வண்டி சரியானது பெரிய விஷயமில்லை. ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகள் என்ன ஆவது? உன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாய். முதல் பட்டியலில், தகடு போட்ட கடைகளின் வரிசையில், நம் கடை பெயர் முதலில் இருந்தது. எழுதிவிட்டாய். அதற்குக் கீழே இன்னொரு பட்டியல், தலைப்பு மட்டும் போட்டு, கட்டங்கள் காலியாக இருந்தன. தகடு கழற்றப்பட்ட வண்டிகள், கழற்றின கடைகள். "இதுல ஒரு வண்டிதான்ப்பா இப்ப இருக்குது. மீதிய நான் நிரப்ப முடியாது. உனக்கு ஒரு மாசம் டயம் கீது" என்றாய். உன்னைப் பெற்றதற்காக இல்லை, அந்தக் காலி இடத்தை எனக்காக விட்டுவைத்ததற்காகத்தான் நான் அதிகமாகப் பெருமைப்படுகிறேன்.

சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் போட்ட பிளேட்ட நானே கழட்டறேன், கூலி வேணாம்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. தணிகாசலம்தான் முதலில் வெடித்தார். "ஏன்யா, நீதான போட்ட? இப்ப நீயே கழட்டறன்ற? உன் பொண்ணு படிப்புக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா? கழட்டினா மலை ஏறாதுய்யா. நடு மலைல ஜனத்தோட நின்னா நீ வந்து தள்ளுவியா?" என்று கத்தினார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் பயத்தை உண்டாக்கினவன் நான். எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பியபோது, பின்னால் சுவரோரம் நின்றிருந்த நீ, "ஏறும் அங்கிள். உங்க வண்டிதான் ரெடியா இருக்குது, நாளைக்கே ஜமுனாமரத்தூர் போலாம். நீங்கெல்லாம் ஏறி உக்காருங்க. உங்களவிட வெயிட்டா லோடு கெடைக்காது" என்றாய். கூட்டம் சிரித்துவிட்டது. தணிகாசலமும் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். "ஏறிடுச்சுன்னா என் மீதி அஞ்சு வண்டிலயும் நாளைக்கே கழட்டு. ஏறலன்னா உங்கப்பன் இந்த ஊர்ல வண்டி தொடக்கூடாது" என்றார். பந்தயம் என் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் பணயம் நான்தான்.

மறுநாள் காலை போளூர் வழியாகக் கிளம்பினோம். பதினாறு பேர். எல்லோரும் வேன் முதலாளிகள், எல்லோருக்கும் இன்ஜின் சத்தம் அத்துப்படி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இழுவை இல்லாமல் அந்த வேனோடு மலையில் திணறின அதே டிரைவர் செல்வம்தான் ஓட்டினான். அவனுக்குத் தெரியாமல் நாம் எதுவும் செய்யவில்லை என்று அவனே சொல்ல வேண்டும் என்பதற்காக அவனையே ஓட்டச் சொன்னாய். நான் மூன்றாவது சிலிண்டரின் சத்தத்தையே கவனித்துக்கொண்டு வந்தேன். மலை தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது. செல்வம் செகண்ட் கியருக்கு இறக்கி மிதித்தான். வேன் திணறவில்லை. நாலாவது வளைவில், செங்குத்தான இடத்தில், தணிகாசலம் திடீரென்று, "நிறுத்து" என்றார். நடு ஏற்றத்தில் நிறுத்தினான். "இப்ப எடு பாக்கலாம்" என்றார். அந்த ஒரு நொடியில் என் பதினெட்டு வருஷம் முழுக்க அந்தக் கிளட்சில் தொங்கியது. செல்வம் ஃபர்ஸ்ட் கியர் போட்டான். நீ அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, "பயப்படாம முழுசா மிதிங்கண்ணா, வால்வு மூடிக்கும்" என்றாய். மிதித்தான். பதினாறு பேரையும் தூக்கிக்கொண்டு வேன் நகர்ந்தது, வேகம் பிடித்தது, வளைவு திரும்பியது. யாரோ விசில் அடித்தார்கள். செல்வம் திரும்பி, "புதுசுல வந்த மாதிரி இழுக்குது மொதலாளி!" என்று கத்தினான். அதற்கு மேல் வேனுக்குள் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவு கூச்சல். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதேன் என்று நீ உங்கம்மாவிடம் சொன்னாயாம். கண்ணில் தூசி விழுந்தது என்று நான் சொன்னேன். தூசி இல்லை பாப்பா.

மேலே ஜமுனாமரத்தூரில் இறங்கி, சந்தை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பெட்டியை வைத்தாய். முதலாளிகள் எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒருத்தருக்கும் அந்த நம்பர் புரியவில்லை, ஆனால் தகடு போட்ட வண்டியின் நம்பரை நீ நோட்டில் காட்டியதும் வித்தியாசம் புரிந்துவிட்டது. தணிகாசலம் என்னை ஓரமாக அழைத்துப் போய், "மெக்கானிக்கு, அன்னிக்கு உன்ன கம்பெனிக்காரனுக்குப் பாடம் எடுக்கச் சொன்னேன். அது நீ இல்ல, உன் பொண்ணு" என்றார். என் வாழ்க்கையில் தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இறங்கி வந்த அன்றே அவருடைய மற்ற ஐந்து வண்டிகளும் கடை வாசலில் நின்றன.

ஒரு மாதம் ராப்பகல் பார்க்காமல் கழற்றினேன். கழற்றினால் மட்டும் போதாது, வால்வைக் கழுவ வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், இன்ஜெக்டர் பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்தில் செய்த ஒவ்வொரு தப்பையும் திருத்த ஒன்றரை நாள் ஆனது. செங்கம் ரோட்டு மெக்கானிக்குகளிடம் நானே போய்ச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் சண்டைக்கு வந்தார், பிறகு மூவரும் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். கழற்றின தகடுகளை எல்லாம் உங்கம்மா பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினாள். நாம் மூவரும் உட்கார்ந்து தின்றோமே, அவ்வளவு ருசியான பழத்தை நான் அதற்குமுன் தின்றதில்லை. உன் இரண்டாவது பட்டியல் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனது. ராணியம்மாவிடம் அடுத்த சித்ரா பௌர்ணமிக்குப் போய்க் கேட்டேன். "தேவலாம்பா. இன்னும் எரியத்தான் எரியுது, ஆனா முன்ன மாதிரி இல்ல" என்றாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன். நம்மால் முடிந்தது சில வண்டிகள்தான். ஆனால் அவை நம் ஊர் வண்டிகள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் உன் அறிக்கையைப் புரட்டி, முதல் பட்டியலில் இருக்கிற கடை உன் அப்பாவுடையதா என்று கேட்டாராம். ஆமாம் என்றாயாம். அப்புறம் பெயரை ஏன் மறைக்கவில்லை என்று கேட்டதற்கு, "ரெண்டாவது பட்டியல்லயும் அதே கடைதான் சார் மொதல்ல இருக்கு" என்றாயாம். இதை உன் தோழி வந்து சொன்னாள், நீ சொல்லவில்லை. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் புனேக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் யாராவது, பொண்ணுக்கு எப்படிங்க இவ்வளவு பெரிய இடத்தில் வேலை கிடைத்தது என்று கேட்டால், நான் செய்த தப்பை அவள் கண்டுபிடித்தாள், அதனால் கிடைத்தது என்று தலையை நிமிர்த்திச் சொல்கிறேன்.

இனி அப்பா சொல்ல வேண்டியது ஒன்றுதான். அங்கே குளிருமாம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் உங்கம்மா சொல்வாள். நீ போகிற இடம் பெரிய இடம். உன் கையில் வருகிற நம்பரை நம்பி லட்சக்கணக்கான வண்டிகள் ரோட்டுக்கு வரும். என்றைக்காவது ஒருத்தர் உன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கெட்டவராக இருக்க மாட்டார். வேலை தெரிந்தவராக இருப்பார். உன்மேல் பிரியமாக இருப்பார், உன்னை முன்னுக்குக் கொண்டுவந்தவராகக்கூட இருக்கலாம். குரலைத் தணித்து, இந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்துடும்மா, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார். அப்போது உனக்கு மனம் இளகும். அந்த மனத்தை எனக்குத் தெரியும், இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி நீ உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. ஆனால் பெற்ற அப்பன் கெஞ்சிக் கேட்டே அந்த வரிசையை எடுக்காதவள் நீ. வேறு எவன் கேட்டாலும் எடுக்காதே.

அப்பா